கையைத் தூக்குறவங்களையும் விடுங்க, தூக்காதவங்களையும் விடுங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர் வாசகர் பக்கத்துல சர்ச் ஆராதனை பத்தி ரெண்டு லெட்டரை அடுத்தடுத்து போட்டிருந்தீங்க. ஒருத்தர், இப்போல்லாம் சி.எஸ்.ஐ. (தென்னிந்திய திருச்சபை) கோயிலுக்குள்ளயே டிரம்ஸ், கீபோர்டு, கைதட்டுன்னு ஆகிப்போச்சு, இதெல்லாம் அமெரிக்கால இருந்து வந்த சரக்கு, நம்ம தாத்தா பாட்டி காலத்துல பாமாலையும் கீர்த்தனையும் பாடி எவ்வளவு அடக்கமா ஆராதிச்சாங்கன்னு வருத்தப்பட்டிருந்தார். இன்னொருத்தர் அப்படியே உல்டா. புத்தகத்தைப் பார்த்து ஒப்பிக்கிற ஜெபத்துல ஆவியே கிடையாது, அது செத்த ஆராதனைன்னு ஒரே போடா போட்டிருந்தார். ரெண்டு பேருக்கும் சேர்த்தே பதில் எழுதணும்னு தோணுச்சு. கொஞ்சம் நீளமா போகும், வெட்டாம போட்டீங்கன்னா சந்தோஷம்.

நான் பாளையங்கோட்டை. பரம்பரை சி.எஸ்.ஐ. வீட்டுக்காரி பெந்தெகொஸ்தே சபையில வளர்ந்தவ, என் சித்தி மகளை கத்தோலிக்க குடும்பத்துல கட்டிக் கொடுத்திருக்கு. அதனால இந்த சண்டை எங்களுக்கு பேப்பர்ல படிக்கிற விஷயம் இல்ல, கிறிஸ்மஸ் அன்னிக்கு பிரியாணி சட்டியைச் சுத்தி உட்காரும்போதே ஆரம்பிச்சிடும். மாமனார் ஜெபிக்க ஆரம்பிச்சார்னா ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்னு சொல்லி தெருவுல உள்ள வியாதிக்காரங்கள்ல இருந்து டெல்லில உள்ள மந்திரிமார் வரைக்கும் நினைச்சு முடிக்கிறதுக்குள்ள சோறு ஆறிடும், நான் ஜெபிச்சா மூணே வரி, அது அவருக்கு ஜெபம்ங்கிற கணக்குலயே வராது, தங்கச்சி மாப்பிள்ளை அதுக்குள்ள நெத்தி நெஞ்சுன்னு சிலுவை போட்டுட்டு கறித்துண்டைத் தேட ஆரம்பிச்சிருப்பார். மூணு பேரும் ஒரே சட்டில இருந்து தான் சாப்பிடுறோம், இதுவரைக்கும் யாருக்கும் வயித்தை வலிக்கல.

முதல்ல அந்த அமெரிக்கா சரக்கு விஷயத்துக்கு வர்றேன். அமெரிக்கால லாஸ் ஏஞ்சல்ஸ், அசுசா தெருவுல பெந்தெகொஸ்தே இயக்கத்துக்கு வித்து போட்ட எழுப்புதல், அதாவது ஜனங்க ஆவியில அனலாகுற கூட்டம், ஆரம்பிச்சது 1906ல. நம்ம திருநெல்வேலி சீமைல அதே மாதிரி 1860லயே நடந்துருக்கு. ஜான் கிறிஸ்டியன் அருளப்பன்னு ஒருத்தர், ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் அய்யர்ட்ட படிச்சவர், மிஷன் சம்பளமே வேண்டாம்னு சொல்லிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கிறிஸ்டியான்பேட்டைன்னு ஒரு குடியிருப்பை உண்டாக்கி ஊழியம் பண்ணினவர். அவர் சபைல தான் ஜனங்க நடுங்கி விழுந்து, பாவத்தை வாய்விட்டு அறிக்கை பண்ணி, அந்நிய பாஷை பேசி, தரிசனம் கண்டு பெரிய எழுப்புதல் வந்துச்சு, அது பக்கத்துல இருந்த சி.எம்.எஸ்.ங்கிற ஆங்கிலிக்கன் மிஷன் சபைகளுக்கும் பரவுச்சு. வெள்ளைக்கார மிஷனரிமார்ல சிலர் சந்தோஷப்பட்டாங்க, சிலர் இது என்ன கூத்துன்னு பயந்தாங்க. அப்போ யார் யார்ட்ட இருந்து இறக்குமதி பண்ணினாங்க? அசுசா தெருவுக்கு 46 வருஷம் முன்னாடி, மைக் இல்ல, கரண்ட் இல்ல, கீபோர்டு இல்ல, நம்ம பனங்காட்டு ஜனங்க கையைத் தூக்கிட்டாங்க.

அதுக்காக சத்தம் போட்டதெல்லாம் ஆவியானவர் தான்னு நான் சொல்ல வரல. அந்த எழுப்புதல் பின்னாடி திருவிதாங்கூர் பக்கம் போச்சு, அங்க வித்துவான் குட்டின்னு கூப்பிடுற ஜஸ்டஸ் ஜோசப் அதுல முக்கியமான ஆளு, அவர் இயேசு 1881ல திரும்ப வந்துடுவார்னு தேதி குறிச்சு ஒரு தனிக் கூட்டத்தையே ஆரம்பிச்சுட்டார். 1881 வந்துச்சு, போச்சு. ஆனா அதே மனுஷன் எழுதின பாட்டுங்களை கேரளா சபைகள்ல இன்னிக்கும் உருகிப் பாடுறாங்க. தேதி தப்பு, பாட்டு சரி, என்ன பண்ண.

இப்போ அந்த அடக்கமான கீர்த்தனைக்கு வருவோம். எங்க ஊர் ஊசிக்கோபுரம் கோயில் 1826ல ரேனியஸ் அய்யர் கட்டினது. கிட்டத்தட்ட அதே காலம், தஞ்சாவூர்ல வேதநாயகம் சாஸ்திரியார் இருந்தார், சுவார்ட்ஸ்ங்கிற ஜெர்மன் மிஷனரி வளர்த்த பிள்ளை, சரபோஜி ராஜாவோட பழக்கம் உள்ள கவிராயர், நாம இன்னிக்கு பாடுற எத்தனையோ கீர்த்தனை அவர் எழுதினது. 1820கள் கடைசியில புதுசா வந்த மிஷனரிமார் எங்களுக்கு நாலு கொடுமை பண்றாங்கன்னு அவரும் அவர் ஆளுங்களும் புகார் எழுதினாங்க. வேதப்புத்தகத்தோட பழைய தமிழை மாத்துறாங்க, பண்டிகைக்கு பூ அலங்காரம் கூடாதுங்குறாங்க, தமிழ் பாட்டை ஆராதனைல பாடக் கூடாதுங்குறாங்க, இது மூணு. நாலாவது, சாதி பார்க்காம ஒண்ணா இருக்கச் சொல்லி வற்புறுத்துறாங்கன்னு. அந்த நாலாவதுல நான் மிஷனரி கட்சி தான், அதுல சாஸ்திரியார் பக்கம் நிக்க என்னால முடியாது. ஆனா பாட்டு விஷயத்துல பாருங்க, அன்னிக்கு கோயிலுக்கு லாயக்கு இல்லைன்னு ஒதுக்கின தமிழ் கீர்த்தனை தான் இன்னிக்கு நம்ம வாசகர் பயபக்திக்கு அடையாளம்னு சொல்ற கீர்த்தனை. பாமாலையோ கேக்கவே வேண்டாம், பாதி மெட்டு இங்கிலாந்து, பாதி ஜெர்மனி. ஆர்மோனியப் பொட்டியும் அங்க இருந்து கப்பல்ல வந்தது தான். எது அந்நியம் எது சொந்தம்னு கோடு போட ஆரம்பிச்சா கோயில்ல பாய் மட்டும் தான் மிஞ்சும்.

அதையும் ஒருத்தர் செஞ்சு பார்த்தார். நாசரேத் பக்கத்துல சட்டம்பிள்ளைன்னு சொல்ற அருமைநாயகம், மிஷனரியோட சண்டை போட்டுட்டு 1857ல தனியா இந்து கிறிஸ்தவ சபைன்னு ஆரம்பிச்சு, வெள்ளைக்காரன் சாயலே வேண்டாம்னு ஞாயித்துக்கிழமையையும் விட்டுட்டு சனிக்கிழமை ஆராதனை, சாஷ்டாங்கமா விழுந்து கும்பிடுறதுன்னு வச்சார். நாசரேத் பக்கம் சொந்தக்காரங்க இருக்குறவங்களுக்கு இந்த கதையெல்லாம் தெரியும். சொல்ல வர்றது, ஆராதனை இப்படித்தான் இருக்கணும்ங்கிற சண்டை நம்ம ஊருக்கு கீபோர்டோட வந்தது இல்ல, அது மிஷன் பங்களா காலத்துலயே நல்லா சூடா நடந்த சண்டை.

ரெண்டாவது லெட்டர்காரர், செத்த ஆராதனைன்னு சொன்னவர், அவர்ட்ட ஒண்ணு கேக்கணும். அய்யா, நீங்க ஒரு சின்னப் பிள்ளையோட அடக்க ஆராதனைக்கு போயிருக்கீங்களா? எங்க தெருவுல நடந்துச்சு. தகப்பன்காரன் டீச்சர், நல்லா பேசக்கூடிய ஆளு, கன்வென்ஷன்ல சாட்சி சொல்லி கூட்டத்தையே அழ வச்சவன். அன்னிக்கு அவன் வாய்ல இருந்து ஒரு வார்த்தை வரல. குருவானவர் புத்தகத்தைத் திறந்து வாசிக்க ஆரம்பிச்சாங்க, ஜனங்க சேர்ந்து சொல்ற இடம் வந்தப்போ அவனுக்கு உதடு அசைஞ்சுச்சு. சத்தம் இல்ல, ஆனா வரி தப்பல. சின்ன வயசுல இருந்து ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை சலிச்சு சலிச்சு சொன்ன வரி, சொந்தமா ஒரு வார்த்தை கூட இல்லாத நேரத்துல அவனுக்கு கை கொடுத்துச்சு. அதை ஒப்பிக்கிறதுன்னு சொல்ல எனக்கு மனசு வராது. உங்க சபைல சுயமா ஜெபிக்கிறவங்களையும் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க, வாரா வாரம் அதே "அல்லேலூயா தகப்பனே", அதே "இந்த வேளையில", அதே ஏத்த இறக்கம், புத்தகத்துல அச்சடிக்கல, அவ்வளவு தான் வித்தியாசம். என் வீட்டுக்காரியே இதை ஒத்துக்கிட்டா, அப்பாட்ட சொல்லிடாதீங்கன்னு வேற சொன்னா.

வேதத்துலயே பாருங்களேன். அன்னாள் தேவாலயத்துல உதடு மட்டும் அசைய சத்தமே இல்லாம ஜெபிச்சா, ஏலி ஆசாரியர் பார்த்துட்டு இவ குடிச்சிருக்கான்னு நினைச்சார். பெந்தெகொஸ்தே நாள்ல அப்போஸ்தலர் சத்தமா பல பாஷைல பேசினாங்க, அவங்களையும் குடிச்சிருக்காங்கன்னு தான் பரியாசம் பண்ணினாங்க. சும்மா இருந்தாலும் குடிகாரி, சத்தம் போட்டாலும் குடிகாரன். தாவீது ராஜா ஆண்டவரோட உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்னாடி ஆடினதை ஜன்னல் வழியா பார்த்து அவர் பொண்டாட்டி மீகாள் முகம் சுளிச்சா. அந்த ஜன்னல் இன்னும் எல்லா சபையிலயும் திறந்தே தான் இருக்கு, ரெண்டு பக்கமும் ஆள் நின்னு எட்டிப் பார்த்துக்கிட்டு தான் இருக்காங்க.

என்னைக் கேட்டா பிரச்சினை கையைத் தூக்குறதுலயும் இல்ல, கட்டிட்டு நிக்குறதுலயும் இல்ல. மைக்கைப் பிடிச்சவர் அடுத்தவன் கைக்கு ஆர்டர் போடுறாரே, அங்க தான் பிரச்சினை. பேர் சொல்ல விரும்பல, ஒரு கோயில்ல ரெண்டாம் ஆராதனைக்கு போயிருந்தேன். பாட்டு ஸ்கிரீன்ல ஓடுது, ஒர்ஷிப் லீடர் தம்பிக்கு வயசு இருபத்தஞ்சு இருக்கும், நல்ல குரல், அதுல குறை சொல்ல முடியாது. மூணாவது பாட்டுல ஆரம்பிச்சார். எல்லாரும் கையை உயர்த்துங்க. இன்னும் சிலர் உயர்த்தல. ஆண்டவருக்காக கையைத் தூக்க வெட்கமா? கிரிக்கெட் பார்க்கும்போது தூக்குறோம்ல? பக்கத்துல இருக்கவங்களைப் பார்த்து நீங்க ஆசீர்வதிக்கப்பட்டவங்கன்னு சொல்லுங்க. சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க! எனக்கு முன் பெஞ்சுல ஒரு பெரியவர், ரிட்டயர்டு வாத்தியார், சம்சாரம் போயி ரெண்டு மாசம் கூட ஆகல, பெஞ்சு கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டிருந்தார். பக்கத்துல இருந்த பையன் திரும்பி நீங்க ஆசீர்வதிக்கப்பட்டவங்கன்னு பல்லைக் காட்டி சொன்னான், அவன் மேல தப்பு இல்ல, சொல்லச் சொன்னதை சொன்னான். பெரியவர் தலையை ஆட்டிட்டு உட்கார்ந்துட்டார். பாட்டு முடியிற வரைக்கும் எழுந்திரிக்கல.

மறுபக்கமும் சொல்லணும்ல. இன்னொரு கோயில்ல, அதுவும் பேர் வேண்டாம், ராப்போஜனத்துக்கு (அப்பமும் ரசமும் வாங்குற ஆராதனை) முன்னாடி முழங்கால்ல நிக்கும்போது பின்னாடி ஒரு அம்மா, பீடி சுத்துற அம்மா தான், முக்காட்டை இழுத்து விட்டுட்டு ரெண்டு கையையும் விரிச்சு ஆண்டவரே ஆண்டவரேன்னு முனங்கி அழுதுட்டிருந்தாங்க. பெரிய சத்தம் கூட இல்ல. கமிட்டி மெம்பர் ஒருத்தர் எழுந்து போயி அந்த அம்மா தோளைத் தட்டி, இது ஜெபக்கூட்டம் இல்ல, கோயில்னு சொல்லிட்டு வந்து கம்பீரமா உட்கார்ந்தார். அந்த அம்மா கையை மடக்கி சேலைக்குள்ள வச்சுக்கிட்டாங்க. இப்போ அவங்க எங்க சபைல இல்ல, மெயின் ரோட்டு மேல ஷீட் போட்ட சபை ஒண்ணு இருக்குல்ல, அங்க போறாங்க. அப்புறம் நாம கமிட்டி கூடி ஜனங்க ஏன் பெந்தெகொஸ்தேக்கு போறாங்கன்னு வடையைத் தின்னுக்கிட்டு ஆராய்ச்சி பண்ணுவோம்.

இதுக்கு வழி நம்ம சபை சட்டத்துலயே இருக்கு, யாரும் திறந்து பார்க்குறதில்ல. 1947 செப்டம்பர் 27 சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்ல ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், அப்புறம் பிரெஸ்பிடீரியனும் காங்கிரிகேஷனலும் ஏற்கெனவே சேர்ந்திருந்த ஐக்கிய சபை, எல்லாம் ஒண்ணாகி சி.எஸ்.ஐ. ஆச்சே, அப்போ ஒரு விதி வச்சாங்க. சேர்றதுக்கு முன்னாடி எந்த சபைல எந்த ஆராதனை முறை இருந்துச்சோ அதை யாரும் தடை பண்ணக் கூடாது, குருவும் சபையும் சம்மதிக்காம பழக்கமான முறையை மாத்தவும் கூடாது, புதுசா ஒண்ணைக் கொண்டு வந்து திணிக்கவும் கூடாது. எவ்வளவு புத்தியா எழுதியிருக்காங்க பாருங்க. புத்தகம் பார்த்து ஜெபிக்கிற ஆங்கிலிக்கனும் புத்தகமே வேண்டாம்ங்கிற காங்கிரிகேஷனல்காரரும் ஒரே சபையாக முடிஞ்சது இந்த ஒரு விதியால தான்னு நான் நினைக்கிறேன். பின்னாடி 1950ல ராப்போஜன ஆராதனை முறை போட்டப்போ கூட, ராப்போஜனத்துல கையால சமாதானம் கொடுக்குறோமே, அதை கேரளா சுரியானி கிறிஸ்தவங்க முறையில இருந்து எடுத்துக்கிட்டாங்க. அதையும் அப்போ புதுசுன்னு நிறைய பேர் முனங்கியிருப்பாங்க, இன்னிக்கு அது இல்லாம ராப்போஜனம் முடிஞ்ச மாதிரியே இருக்காது.

கத்தோலிக்க பக்கம் இதை விட பெரிய மாத்தம். ரெண்டாம் வத்திக்கான் சங்கம், அதாவது உலக ஆயர்கள் கூடின பெரிய கூட்டம், 1963 டிசம்பர்ல வழிபாட்டு ஏட்டை வெளியிடுற வரைக்கும் பூசை லத்தீன்ல தான், அதுக்கப்புறம் தான் தமிழ்ல. 1969ல இந்திய ஆயர்கள் கேட்டு ரோமாபுரி பன்னெண்டு மாத்தத்துக்கு அனுமதி கொடுத்துச்சு, செருப்பைக் கழட்டிட்டு தரையில உட்காரலாம், முழங்கால் போடுறதுக்கு பதிலா கைகூப்பி குனியலாம், ஆரத்தி எடுக்கலாம்னு. அதுக்கு நிறைய பேர் எதிர்ப்பு, இது இந்து கோயிலாக்குற வேலைன்னு. என் தங்கச்சி மாமியார் ஆரத்தியைப் பார்த்தா இன்னிக்கும் கண்ணை மூடிக்குவாங்க, ஆனா வேளாங்கண்ணி மணல்ல முழங்கால்லயே போவாங்க, பேரனுக்கு அங்க தான் மொட்டை. இதுல எது நம்ம பண்பாடு எது இல்லைன்னு அவங்கட்ட கேட்டு ஜெயிக்க யாராலும் முடியாது.

பாணியைப் பத்தி பேசும்போது சாதியைத் தொடாம போனா அது பாதி பேச்சு தான். மதுரை இறையியல் கல்லூரில இருந்த தியாபிலஸ் அப்பாவு அய்யர், 2005ல காலமானார், கிராமத்து மெட்டுல, பறையை வச்சு ஆராதனை முறையே உண்டாக்கினவர். கர்நாடக ராகத்துல உள்ள கீர்த்தனை மேல்தட்டு ஆளுங்க பாட்டு, உழைக்கிற ஜனத்தோட பாட்டு கோயிலுக்குள்ள வரணும்ங்கிறது அவர் கட்சி. பறையை கோயிலுக்குள்ள கொண்டு போறப்போ என்ன சொல்லுவாங்கன்னு உங்களுக்கே தெரியும், அது சாவு மேளம்பாங்க. டிரம்ஸ் வாசிச்சா வாலிபர் எழுச்சி, தபேலா வாசிச்சா பாரம்பரியம், பறை அடிச்சா மட்டும் பயபக்தி போயிடும்னா அங்க நம்ம காதுக்கு கேக்குறது தாளம் இல்ல. முதல் லெட்டர் எழுதின அண்ணன் இதையும் கொஞ்சம் யோசிக்கணும். நான் கீர்த்தனை பைத்தியம் தான், அது வேற விஷயம்.

சத்தம்னா ஒலிபெருக்கி, அதை மட்டும் நான் தனிக்கணக்குல வைப்பேன். கோயிலுக்குள்ள நீங்க அழுங்க, ஆடுங்க, விழுங்க, அது உங்களுக்கும் ஆண்டவருக்கும் உள்ளது. காம்பவுண்டு சுவரைத் தாண்டினா அது பக்கத்து வீட்டுக்காரருக்கும் உள்ளது. சென்னைல ஒரு பெந்தெகொஸ்தே சபைக்கும் பக்கத்துல குடியிருந்தவங்க நலச்சங்கத்துக்கும் நடந்த கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 2000 ஆகஸ்ட்ல தீர்ப்பு வந்துச்சு, ஒலிபெருக்கி வச்சோ மேளம் அடிச்சோ அடுத்தவங்க நிம்மதியைக் கெடுத்து ஜெபம் பண்ணணும்னு எந்த மதமும் சொல்லலைன்னு கோர்ட் சொல்லிடுச்சு. குடியிருப்பு பகுதின்னா பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45, பத்து மணியில இருந்து காலைல ஆறு வரைக்கும் வெளியில ஸ்பீக்கர் கூடாதுன்னு விதி இருக்கு. கோயில், மசூதி, கட்சி மீட்டிங் எல்லாத்துக்கும் தான் இது, எங்க சபைகளுக்கு மட்டும் விலக்கு கிடையாது. முழு இரவு ஜெபம்னு ஷட்டரைத் திறந்து வச்சு வெளியில ஸ்பீக்கர் வைக்கிற தம்பிங்க இதைப் படிக்கணும். பவுல் கூட கொரிந்து சபைக்கு எழுதும்போது அந்நிய பாஷையைத் தடுக்காதீங்கன்னு தான் சொன்னார், ஆனா ரெண்டு பேர், மிஞ்சினா மூணு பேர், அதுவும் ஒருத்தர் மாத்தி ஒருத்தர், அர்த்தம் சொல்ல ஆள் இல்லைன்னா சபைல பேசாம தனக்கும் தேவனுக்கும் தெரிய பேசிக்கட்டும்னு எழுதினார்.

சத்தம் இருந்தா தான் துதின்னு நினைக்கிறவங்க பாளையங்கோட்டைல ப்ளாரன்ஸ் சுவைன்சன் அம்மா பேர்ல உள்ள காது கேளாதோர் பள்ளிப் பிள்ளைங்க சைகையில பாடுறதை ஒரு தடவை பார்க்கணும். முகம், விரல், தோள் எல்லாம் பாடும், அந்த ஹால்ல ஒரு சத்தமும் இருக்காது. அதை அடக்கமான ஆராதனைன்னு சொல்றதா, ஆட்டமான ஆராதனைன்னு சொல்றதா? நம்ம ரெண்டு வாசகரும் தான் சொல்லணும்.

எங்க ஆளுங்கட்ட நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. முதல் ஆராதனைல பாமாலை, கீர்த்தனை, ஆராதனைப் புத்தகம் அப்படியே இருக்கட்டும், அதுல யாராவது கையை விரிச்சா தோளைத் தட்டாதீங்க. ரெண்டாம் ஆராதனைல டிரம்ஸ் இருக்கட்டும், அதுல யாராவது சும்மா உட்கார்ந்திருந்தா மைக்ல குத்திக் காட்டாதீங்க. புதுசா எதுவும் கொண்டு வர்றதா இருந்தா சபைக்கூட்டத்துல கேட்டுட்டு கொண்டு வாங்க, கமிட்டில நாலு பேர் முடிவு பண்ணிட்டு நோட்டீஸ்ல போடாதீங்க. கன்வென்ஷனுக்கு மேடை போடுறவங்க ஸ்பீக்கரை பந்தலுக்கு உள்பக்கம் திருப்பி கட்டுங்க, பக்கத்து காலனில பிளஸ் டூ படிக்கிற பிள்ளைங்க இருக்கு. பாட்டு பயிற்சிக்கு வர்ற பசங்களுக்கு மாசத்துக்கு ரெண்டு கீர்த்தனையாவது ராகம் தாளத்தோட சொல்லிக் கொடுங்க, நாங்க வயசானவங்க வந்து சொல்லித் தர ரெடியா இருக்கோம், கூப்பிடத்தான் ஆள் இல்ல.

இப்படிக்கு,
ஒரு சி.எஸ்.ஐ. சபைக்காரர்,
பாளையங்கோட்டை.